இன்விசிபிள் ஃபென்ஸ், ஷாக் காலர்: நாய்க்குப் போடலாமா?

கேள்வி சுருக்கமாக இது: அட்லாண்டா பக்கம் புறநகரில் புது வீடு. பத்து மாத லாப்ரடார். மானோ அணிலோ கண்ணில் பட்டால் ஓட்டம்தான், கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேலி கட்ட எச்.ஓ.ஏ. (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) ஆயிரம் நிபந்தனை போடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இன்விசிபிள் ஃபென்ஸ், அதாவது கண்ணுக்குத் தெரியாத மின்வேலி, போடச் சொல்கிறார். மனைவி அது கொடுமை என்கிறார். யார் சொல்வது சரி?

உங்கள் மனைவி கட்சிதான் நானும். ஆனால் அவர் சொல்லும் காரணம் எனக்கு இரண்டாவது காரணம். முதல் காரணத்தைச் சொல்ல என் சொந்தக் கதைக்குப் போக வேண்டும். வட கரோலினாவில் இருந்தபோது இந்த வேலியை நானே ஒயர் புதைத்துப் போட்டேன். ஒன்றரை வருடம் கழித்து நானே பிடுங்கினேன். அதற்குப் பிறகு வார இறுதிகளில் ஒரு நாய்க் காப்பகத்தில் உதவி செய்து வருகிறேன். வேலி தாண்டி ஓடிவந்த நாய்களை, கழுத்தில் ஷாக் காலரின் குட்டிப் பெட்டியோடேயே நிறையப் பார்த்தாயிற்று.

வேலி என்று பெயர்தானே தவிர, அது ஒரே ஒரு ஒயர். தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் புதைத்து, இரண்டு முனைகளையும் கராஜ் சுவரில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் சேர்க்க வேண்டும். வட்டம் முழுதாக இருந்தால்தான் வேலை செய்யும். எங்காவது அறுந்தால் பெட்டி கத்தும். ஒயருக்குள் ஓடுவது மெல்லிய ரேடியோ சிக்னல் மட்டுமே, கையால் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஷாக் இருப்பது நாயின் கழுத்தில். ஒயருக்குச் சில அடி தூரத்தில் காலர் பீப் அடிக்கும். இன்னும் நெருங்கினால் இரண்டு உலோக முனைகள் வழியாகத் தோலில் சுருக்கென்று ஏறும்.

கராஜிலிருந்து வட்டம் தொடங்கும் இடம் வரை இரண்டு ஒயர்களையும் கயிறு திரிப்பதுபோல ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு போக வேண்டும். எதிரெதிராக ஓடும் சிக்னல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். நாய் அதன் மேல் நடந்தாலும் பீப் வராது. இது தெரிந்தும் நான் அவசரத்தில் தளர்வாக முறுக்கிவிட்டேன். முதல் நாள் எங்கள் நாய் மணி வாசல்படி இறங்கியதுமே காலர் கத்திவிட்டது. அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. பின்பக்கக் கதவு வழியாகச் சுற்றிப் போய்தான் ஒன்றுக்குப் போவான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் பெக் என்ற அமெரிக்கர். 1973இல் காப்புரிமை பெற்றார். இன்விசிபிள் ஃபென்ஸ் என்பது ஒரு கம்பெனிப் பெயர்தான், ஜெராக்ஸ் மாதிரி பொருளுக்கே பெயராகிவிட்டது. கையில் பட்டன் வைத்து அழுத்தும் ரிமோட் காலர் இதற்கும் முந்தியது. 1960களில் வேட்டை நாய்க்காரர்களிடமிருந்து வந்தது. விற்பவர்கள் இரண்டுக்குமே ஷாக் என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். ‘ஸ்டாட்டிக் கரெக்‌ஷன்’ என்பார்கள், ‘ஸ்டிம்’ என்பார்கள். நான் காலரை என் முன்கையில் வைத்துப் பார்த்தேன். கீழ் அளவில் குளிர்காலத்தில் கார் கதவைத் தொட்டால் அடிக்குமே, அது மாதிரி. மேல் அளவில் கையிலிருந்த காலரைக் கீழே போட்டுவிட்டேன். எனக்கு அப்போது அது எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று தெரியும். நாய்க்கு அது தெரியாது, எல்லா வில்லங்கமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, மணி கதைக்கு வருகிறேன். பீகிள் கலப்பு. காப்பகத்திலிருந்து எடுத்தது. குழந்தைகள் என்றால் உயிர். பெட்டியோடு வந்த புத்தகத்தில் சொன்னபடியே செய்தேன்: எல்லைக்கு வெள்ளைக் கொடிகள் நட்டு, கயிற்றில் பிடித்துக் கூட்டிப்போய், பீப் கேட்டதும் இழுத்து, உள்ளே வந்ததும் தின்பண்டம். இரண்டு வாரம். பிறகு கொடிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தேன். பாடம் நன்றாகவே ஏறியது. ஒரு மாதம் நான் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வாசலுக்கு நேர் எதிரே பள்ளிப் பேருந்து நிற்கும். மாலை மூன்றேகாலுக்கு மஞ்சள் பேருந்து வரும், ஏழெட்டுப் பிள்ளைகள் குதித்து இறங்குவார்கள். மணி வாலை ஆட்டிக்கொண்டு ஓடுவான். ஓட்டத்தில் பீப்பைக் கவனிக்காமல் எல்லையை மிதித்துச் சுருக்கென்று வாங்குவான். வாங்கிய நொடியில் அவன் கண் முன்னால் இருந்தது என்ன? ஒயர் இல்லை, கொடியும் இல்லை. நீல நிறப் பையோடு சிரித்துக்கொண்டு வரும் ஒரு பெண் குழந்தை. ஐந்தாறு முறை இப்படி ஆகியிருக்கும். அக்டோபர் வாக்கில் பேருந்தின் பிரேக் சத்தம் கேட்டாலே முதுகு முடி சிலிர்த்து, எல்லைக்குப் பத்தடி உள்ளே நின்று, நான் அதுவரை கேட்காத ஒரு குரலில் குரைக்க ஆரம்பித்தான். பயிற்சியாளர் ஒருவரிடம் வீடியோவைக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஷாக் அடிக்கும்போது அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்?”

என் பதிலும் இந்த ஒரு கேள்விதான். நீங்கள் கற்பிக்க நினைப்பது ‘எல்லையைத் தாண்டாதே’. நாய் கற்றுக்கொள்வது ‘இதைப் பார்த்தால் வலிக்கும்’. அந்த ‘இது’ எது என்று முடிவு செய்வது நாய். அது ஒயராக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அடுத்த வீட்டு நாயாகவோ தபால்காரராகவோ குழந்தையாகவோ இருந்தால்? ரிச்சர்ட் போல்ஸ்கி என்ற நாய் நடத்தை நிபுணர் 2000இல் ஒரு கட்டுரையில் 5 சம்பவங்களை விவரித்தார். மின்வேலிக்குள் இருந்த நாய்கள் மனிதர்களைக் கடுமையாகக் கடித்த வழக்குகள். ஐந்து சம்பவத்தை வைத்து மின்வேலி போட்ட நாயெல்லாம் கடிக்கும் என்று சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. மணி யாரையும் கடிக்கவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பிறகு, கடிக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பீப் விஷயம் இன்னொன்று. வேலிக்கு வெளியே பீப் சத்தம் இல்லாத வீடு உண்டா? மைக்ரோவேவ் முடிந்தால் பீப். ஸ்மோக் டிடெக்டரில் பேட்டரி தீர்ந்தால் நடுராத்திரி பீப். நாங்கள் பால் சுடவைத்தாலே மணி கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். வேலியைப் பிடுங்கி ஒரு வருடம் வரை மைக்ரோவேவில் இரண்டு விநாடி மிச்சம் இருக்கும்போதே ஓடிப்போய்க் கதவைத் திறக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. இதையே வேறு இருவரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், ஒருவர் வீட்டில் அது அரிசிக் குக்கர்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஹானோவர் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 14 பீகிள் நாய்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2007இல் வெளியானது. ஓடும் பொம்மை முயலை வாயால் தொட்ட அதே நொடியில் ஒரு குழுவுக்கு ஷாக். கூப்பிட்டு வராவிட்டால் இன்னொரு குழுவுக்கு. மூன்றாவது குழுவுக்குக் காரணமே இல்லாமல், நினைத்த நேரத்தில். எச்சிலில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். முதல் குழுவில் குறிப்பிடும்படி ஏறவில்லை. காரணமில்லாமல் வாங்கிய நாய்களுக்கு மிக அதிகம், கூப்பிட்டு வராததற்கு வாங்கியவை நடுவில். எதனால் வந்தது என்று நாய்க்குப் புரிந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஆய்வாளர்களே இதைச் சாதாரண நாய்ப் பயிற்சிக்குச் சிபாரிசு செய்யவில்லை. அவ்வளவு கச்சிதமான நேரக்கணக்கு வீட்டில் யாருக்கும் கைவராது.

கச்சிதமாக வரும் இடங்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். அரிசோனா, கலிபோர்னியா பாலைவனப் பக்கம் ரேட்டில்ஸ்நேக் (வாலைக் கிலுகிலுவென்று ஆட்டும் விஷப்பாம்பு) பயிற்சி என்று நடத்துவார்கள். கடிக்க முடியாதபடி செய்த நிஜப் பாம்பு தரையில் கிடக்கும். நாய் மோந்து பார்க்கக் குனிந்ததும் ஒரே ஷாக். அதன் பிறகு அந்த வாசனையும் கிலுகிலு சத்தமும் கேட்டாலே நாய் ஒதுங்கும். நியூசிலாந்தில் கிவிப் பறவைகளைக் காப்பாற்ற நாய்களுக்கு இதே முறையில் பயிற்சி தருகிறார்கள், கிவி வாழும் பல காடுகளில் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நாயோடு வேட்டைக்குப் போக முடியாது. இரண்டிலும் நாய் பார்ப்பதும் நாம் நினைப்பதும் ஒன்றே. பாம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதே பாடம், நாய் பார்ப்பதும் பாம்பைத்தான். வருடத்துக்கு ஒன்றிரண்டு ஷாக்கோடு முடிந்துவிடும். உங்கள் தோட்டத்தில் மண்ணுக்கடியில் இருக்கும் ஒயரை நாய் எப்படிப் பார்க்கும்?

ரிமோட் காலர் பற்றியும் கேட்டிருப்பீர்கள், ஏனென்றால் மான் துரத்தும் நாய் என்றதும் யாராவது ஒருவர் அதைச் சொல்லியிருப்பார். 2024இல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 19 நாய்களை வைத்து, வேகமாக ஓடும் போலி இரையைத் துரத்துவதை நிறுத்த எது உதவும் என்று பார்த்தார்கள். ஷாக் காலர் நாய்கள் இரண்டு அமர்வுகளுக்குள் நிறுத்திவிட்டன. தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய நாய்கள் ஐந்து அமர்வுகளிலும் நிறுத்தவில்லை. காலர் பக்கத்தார் இதைக் கொடியாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். சரிதான், ஆனால் தின்பண்டப் பயிற்சியை ஐந்தே அமர்வில் முடிப்பவர் யாரும் இல்லை. எனக்கு ஐந்து மாதம் ஆனது. இதற்கு எதிராக இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் 63 வீட்டு நாய்களை வைத்துச் செய்த ஆய்வு இருக்கிறது. கூப்பிட்டால் வராத, கால்நடைகளைத் துரத்துகிற நாய்கள், அதாவது உங்கள் லாப்ரடாரைப் போன்றவை. காலர் தயாரிப்பாளர்கள் பரிந்துரைத்த பயிற்சியாளர்களே காலர் பயிற்சி கொடுத்தார்கள். 2014இல் வந்த முடிவு: காலரால் கூடுதல் பலன் இல்லை, நாய்களிடம் இறுக்கம் கூடுதல். அதே நாய்களின் பதிவுகளை 2020இல் மறுபடி அலசியபோது, பரிசு முறை நாய்களே சொன்ன பேச்சை வேகமாகக் கேட்டிருந்தன.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. வேல்ஸில் 2010 முதல் ஷாக் காலர், மின்வேலிக் காலர் இரண்டுமே தடை. ஜெர்மனியில் 2006இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் ரிமோட் ஷாக் காலரைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 2023இல் கொண்டுவந்த விதி ரிமோட் காலரை மட்டும் தடுத்து, வேலியை விட்டுவைத்தது. மேலவை ஒப்புக்கொண்டும் கீழவையில் வாக்கெடுப்பே நடக்காமல் அப்படியே கிடப்பில் போய்விட்டது. ரிமோட்டில் கோபக்கார மனிதன் கை இருக்கிறது, வேலியில் நாயே தன் ஷாக்கைத் தவிர்க்கலாம் என்பது அவர்கள் தர்க்கம். கேட்க நன்றாக இருக்கிறது. மணியிடம் சொல்லிப் பார்க்கலாம். அமெரிக்காவில் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் செல்லப்பிராணிப் பொருள் விற்கும் பெட்கோ கம்பெனி 2020இல் ஷாக் காலர் விற்பதை நிறுத்திவிட்டது. விலங்கு நடத்தை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் 2021 அறிக்கையில் எந்தப் பயிற்சிக்கும் இவை தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

இனி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நாய் வயதான கோல்டன் ரிட்ரீவராக இருந்தால், பேட்டரி தீர்ந்து இரண்டு வருடம் ஆகியும் எல்லைக்குள்ளேயே படுத்திருக்கும். அப்படி எனக்குத் தெரிந்தே மூன்று வீடுகள். ஓடத் துடிக்காத நாய்க்கு எந்த வேலியும் போதும். உங்களுடையது பத்து மாத லாப்ரடார், மான் துரத்துகிற வகை. அந்த வெறியில் ஒரு விநாடி சுருக்கைத் தாண்டிவிடும். தாண்டியபின்தான் வேடிக்கை: மான் போய்விடும், வெறி அடங்கும், வீட்டுக்குத் திரும்ப நினைக்கும், உள்ளே வர அதே ஒயரை மறுபடி மிதிக்க வேண்டும். மிதிக்காது. தெருவிலேயே நிற்கும். காப்பகத்துக்கு வருபவை பெரும்பாலும் இந்த ரகம். ஒரு ஹஸ்கியின் சொந்தக்காரர் சொன்னது எனக்கு மறக்காது: அது பீப் அடிக்கும் கோட்டில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம், பேட்டரி தீரும் வரை. பிறகு எழுந்து நடந்து போய்விடுமாம். ஒஹையோவில் நாய் வளர்ப்பவர்களிடம் எடுத்த ஒரு கணக்கு 2017இல் வெளியானது: மின்வேலி நாய்களில் 44 சதவீதம் தப்பி ஓடியிருக்கின்றன, கண்ணுக்குத் தெரியும் வேலியில் சுமார் 23 சதவீதம்.

உள்ளே இருப்பதை நிறுத்துமோ நிறுத்தாதோ, வெளியே இருப்பதை இது தடுக்கவே தடுக்காது. அட்லாண்டா பக்கம் கயோட்டி என்னும் நரி போன்ற காட்டு விலங்கு உண்டு. அடுத்த தெரு நாய் உள்ளே வந்து கடித்தால் உங்கள் நாய்க்கு ஓடவும் இடமில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை, “அண்ணா, வரும்போது அதுல ஒண்ணு வாங்கிட்டு வா” என்றாள். “உன் தெருவில் எத்தனை நாய்?” என்று கேட்டேன். பதினொன்று என்றாள். காம்பவுண்டு சுவரை இன்னும் ஓரடி உயர்த்தச் சொன்னேன்.

ஒயரே இல்லாத ஜி.பி.எஸ். காலர்கள் இப்போது வந்திருக்கின்றன, போனில் வரைபடத்தில் கோடு போட்டால் போதும். பத்து ஏக்கர் பண்ணைக்குச் சரி. கால் ஏக்கர் மனையில், மரத்தடியிலும் வீட்டோரத்திலும் அந்தக் கோடு சில மீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று ஷாக் அடிக்காத இடம் இன்று அடிக்கும். ஹானோவர் ஆய்வின் மூன்றாவது குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஷாக்கை அணைத்துவிட்டு, நாய் எங்கே என்று தேட மட்டும் அதைப் பயன்படுத்தினால் அருமையான பொருள்.

இவ்வளவும் படித்த பிறகும் போடுவதாக இருந்தால், முன்பக்கத்தை முழுதாக விட்டுவிடுங்கள். பின்தோட்டத்தில் மட்டும், ஆட்கள் நடக்கும் இடத்திலிருந்து குறைந்தது இருபதடி தள்ளி. நாயை அதோடு தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டாம். ஷாக் இல்லாமல் அதிர்வு மட்டும் தரும் நிலையில் தொடங்குங்கள். காலரைத் தினமும் கழற்றுங்கள், இரவில் கட்டாயம். கழுத்தில் இரண்டு வட்டப் புண்ணோடு வரும் நாய்களைப் பார்த்து ஷாக் சுட்டுவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சூடு இல்லை, உலோக முனைகள் நாள் கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தித் தோல் செத்துப்போனது. முடிக்கு அடியில் இருப்பதால் நாற்றம் வரும் வரை யாருக்கும் தெரியாது. காப்பகத்தில் காலரைக் கழற்றும்போது நான் முதலில் அங்கேதான் விரல் வைத்துப் பார்ப்பேன்.

நான் மணிக்குச் செய்தது இவ்வளவுதான். முப்பதடி நீளக் கயிறு, கழுத்தில் அல்ல, நெஞ்சுப் பட்டையில் மாட்டியது. தினமும் இரண்டு வேளை இருபது நிமிடம். பெயர் சொல்லிக் கூப்பிடுவது, திரும்பினால் வேகவைத்த கோழி. முதல் மாதம் அணிலே இல்லாத இடத்தில், பிறகு தூரத்தில் அணில், பிறகு பக்கத்தில். பேருந்துக்கு மட்டும் தனிக் கணக்கு: மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் தெருமுனையில், பேருந்து வந்தால் கோழி மழை, போனால் நின்றுவிடும். வசந்த காலத்துக்குள் பிரேக் சத்தம் கேட்டால் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அந்த நீலப் பைக் குழந்தையிடம் மட்டும் கடைசி வரை பழையபடி போகவில்லை.

அப்புறம் எச்.ஓ.ஏ. வேலி கூடாது என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், முன்பக்கம் கூடாது, சங்கிலிக் கம்பி வலை கூடாது, இத்தனை அடிக்கு மேல் கூடாது என்பார்கள். விதிப் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை நீங்களே படியுங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். பின்பக்கம் நான்கடிக் கறுப்பு அலுமினிய வேலி என்றால் எங்கள் பக்கம் பெரும்பாலான குழுக்கள் ஒத்துக்கொண்டன. வீடு வாங்கும்போது கொடுத்த சர்வே படத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, உங்கள் தெருவிலேயே ஏற்கெனவே அப்படி வேலி போட்ட இரண்டு மூன்று வீடுகளின் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள். எங்களுக்கு முதல் முறை நிராகரித்தார்கள், கேட் எந்தப் பக்கம் திறக்கும் என்று எழுதவில்லையாம். எழுதி அனுப்பினோம், மூன்றாம் வாரம் கையெழுத்து வந்தது.